மரமில்லாத காட்டுக்கு ஒரு கார்டு

'கூடாது' என்று சொல்வதற்காகவே அரசாங்கம் காக்கித் துணியும் கொடுத்துச் சம்பளமும் கொடுக்கிற வேலை, வனக்காப்பாளர் வேலை. ஆஸ்பத்திரி வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உறவுக்காரர்களைத் திருப்பி அனுப்புகிறவரே, ரேஷன் கடையில் 'இன்று மண்ணெண்ணெய் இல்லை' என்று சிலேட்டில் எழுதி மாட்டுகிறவரே, அடுக்குமாடி கேட்டில் நின்று ஆட்டோவைத் தடுக்கிறவரே, நீங்களெல்லாம் எனக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். வாங்குகிற திட்டு ஒன்றுதான், சட்டையின் நிறம்தான் வேறு.

மலைக்காட்டில் எட்டு வருஷம் ஓட்டிய என்னைத் தூக்கி, பெரும்பாக்கத்தை ஒட்டிக் கிடக்கும் சதுப்பு நிலத்தில் போட்டபோது சந்தோஷப்பட்டேன். யானை துரத்தாது, அட்டை கடிக்காது. ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகை வீடு பிடித்தோம். என் மனைவி அக்கம்பக்கத்தில் "அவர் ஃபாரஸ்ட்ல இருக்கார்" என்று சொல்லிவைக்க, மறுநாளே ஒருவர் சுத்தமான மலைத்தேன் கிடைக்குமா என்று காலி பாட்டிலோடு வந்துவிட்டார். நான் காக்கிற காட்டில் தேன்கூடு கட்ட ஒரு மரம்கூட இல்லை, கோரையும் தண்ணீரும் பறவையும்தான் என்றேன். அவர் நம்பவில்லை. மரமே இல்லாத இடத்தைக் காடு என்று அறிவித்திருப்பதைச் சதுப்பைச் சுற்றியிருந்த ஊரிலும் யாரும் நம்பவில்லை. என் பாடெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

கல் நட்ட நாள்

எல்லைக்கல் நடுவதுதான் முதல் வேலை. எனக்குத் துணை ஒரே ஆள், தினக்கூலி வாட்சர் பழனி. அந்த ஊர்க்காரர்தான், சதுப்பில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் அவருக்கு மாமன் மச்சான். மூன்றாவது கல்லுக்குக் குழி தோண்டும்போது முப்பது பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். "இதுல காடு எங்க கீது? ஒரே ஒரு மரத்தக் காட்டு, நாங்க போயிடறோம்" என்றார் ஒருவர். இன்னொருவர் தோளில் இருந்த மண்வெட்டியை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். யானையைவிட அன்று இந்த முப்பது பேருக்குத்தான் பயந்தேன், பொய் சொல்லவில்லை. பழனி என் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ நின்றார்.

அப்போது தண்ணீரிலிருந்து ஓர் அம்மாள் ஏறி வந்தார். நாற்பது வயது இருக்கும். புடவையை வாரிச் செருகி, இடுப்பில் கயிறு கட்டியிருந்தார். கயிற்றின் மறுமுனையில் ஓர் அலுமினிய டேக்சா. அந்த ஊரில் வலை போடுவதைவிட இப்படிப் பிடிப்பதுதான் அதிகம்: ஆள் சேற்றில் கைவிட்டுத் துழாவிக்கொண்டு போக, பிடித்த மீனைப் போடும் டேக்சா பின்னாலேயே மிதந்து வரும். அவர் பெயர் கன்னியம்மா என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நான் நட்டு முடித்திருந்த கல்லைத் தட்டிப் பார்த்து, அதன் மேல் டேக்சாவை வைத்தார். உள்ளே கெளுத்தி துள்ளியது.

"கல்லு நல்லாத்தான் கீது சார். இத்தினி நாளா மீன் ஆய ஒரு மேடு இல்லாம மண்ணுல குந்திகினு கெடந்தோம்."

பறவைப் பிரியர்

பக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் ஒரு சார் இருந்தார். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த காமிராவோடு தினம் காலையில் கரைக்கு வருவார். எந்தப் பறவை எந்த மாதம் வரும், எத்தனை முட்டை இடும் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். மரியாதையான மனிதர். ஆனால் மீன் பிடிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பறவைகள் பயப்படுகின்றன, கூடு கலைகிறது என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் கடிதங்கள் மேலே போய், 'இந்த மாதம் எத்தனை வழக்கு?' என்ற கேள்வியாக என் தலையில் வந்து இறங்கின.

ஒருநாள் பூநாரைக் கூட்டம் ஒன்று கரையோரமாக மேய்ந்துகொண்டிருந்தது. நம்ம சார் காமிராவைக் கண்ணில் வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் வீசினார். கூட்டம் மொத்தமும் சிவப்புச் சிறகை விரித்து எழுந்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "சார், என்ன காரியம் பண்றீங்க?" என்று கத்தினேன். அவர் படத்தைச் சரிபார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பினார்.

"ஒரு ஃப்ளைட் ஷாட் வேணும் சார். நான் மாசத்துக்கு ஒரு கல்லுதான் போடறேன், அவங்க டெய்லி இறங்கறாங்களே!"

இருபத்திரண்டு கேஸ்

கேள்வி வந்துவிட்டதே, பதில் அனுப்ப வேண்டாமா? ஒருநாள் விடிகாலையில் நானும் பழனியும் கோரைக்குள் உட்கார்ந்து காத்திருந்தோம். உள்ளே இருபத்து மூன்று பேர். ஊரில் அந்தத் தொழில் செய்கிறவர்கள் மொத்தமே அவ்வளவுதான். வரிசையாகச் சேற்றை அழுத்தி மிதித்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச தூரம் போய், அதே தடத்தில் திரும்பி வந்தார்கள். மிதித்த காலடிக் குழிகளில் மீன் ஒதுங்கியிருக்கும், குனிந்து கைவிட்டால் சிக்கிவிடும். அவர்கள் கிளறிவிட்ட சேற்றில் பூச்சி பொறுக்க நாலு கொக்கு பின்னாலேயே நடந்து வந்தது. பறவை பயப்படுகிறது என்று கடிதம் எழுதியவர் அன்றைக்குப் பார்த்து வரவில்லை.

கரையேறியவர்களை ஒவ்வொருவராக மறித்தேன். பெயர், தகப்பனார் பெயர், வலை ஒன்று, டேக்சா ஒன்று, கெளுத்தி இவ்வளவு, குறவை இவ்வளவு. குற்றப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். முனகினார்கள், திட்டினார்கள், ஒருவர் மண்ணை வாரித் தூற்றினார். இருபத்திரண்டு பேர் முடிந்தது. கன்னியம்மா மட்டும் வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "எழுதமாட்டேன்னு சொல்லு, ஏறி வரேன்" என்றார். நான் சட்டம் பேசினேன். அவர் நின்றார். வெயில் ஏறியது. கரையில் ஊரே கூடிவிட்டது. அவருடைய புருஷன் பம்மலில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டு வீட்டோடு கிடக்கிறார், இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், இந்த டேக்சாதான் அடுப்பை எரியவைக்கிறது என்று பழனி என் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். கன்னியம்மாவின் தலை ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்தது. இந்த அம்மாள் தண்ணீரில் விழுந்துவிட்டால் நான் உயிரோடு கரை தாண்ட முடியாது. அதைவிட, விழுந்துவிடுவாரே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. பதிவேட்டை மூடினேன். கடைசிப் பெயருக்குக் கீழே கோடு போட்டு முடித்துக் கையெழுத்தும் போட்டேன். "எழுதலம்மா. வா" என்றேன்.

இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். பாதம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், சர்வீஸிலேயே நான் செய்த ஒரு நல்ல காரியம் என்று பெருமையாகச் சொன்னேன். கன்னியம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

"நீ நல்லாருக்கணும் சார். என் பேர எழுதாம உட்டியே, சாவற மட்டும் மறக்கமாட்டேன்."

வீடு வீடாக

சில மாதம் கழித்து எங்களுக்குப் புது ரேஞ்சர் வந்தார். ஒரு மேடம். ஜனங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால் சதுப்பு பிழைத்துவிடும் என்று அவர் நம்பவில்லை. பறவை கூடு கட்டும் மாதங்கள் போக மற்ற மாதங்களில், பரம்பரையாக மீன் பிடிக்கிறவர்களுக்கு உள்ளே போக பாஸ் கொடுக்கலாம் என்று மேலிடத்தில் போராடி ஓர் உத்தரவு வாங்கிவிட்டார். யார் யாருக்கு என்று வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். ஒவ்வொரு முகமும் தெரிந்தவன் என்பதால் அந்த வேலை எனக்கே வந்தது. இதைவிடப் பெரிய தப்பை நாங்கள் யாராவது யோசித்துச் செய்திருக்க முடியாது.

அதே காக்கிச் சட்டை, அதே பழனி. 'சதுப்பில் மீன் பிடிக்கும் தொழில் உண்டா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. முதல் வீட்டில் குழம்பு கொதிக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. "கருவாடு சார், கடைல வாங்கினது" என்றார்கள். இரண்டாவது வீட்டில் வேலியில் காய்ந்த வலை, கோழிக்குஞ்சை மூடுவதற்காம். பழனியின் சொந்த அண்ணன், தான் கொத்தனார் என்று சாதித்தார். இது கேஸ் இல்லை, பாஸ் என்று தொண்டை கட்டும் வரை சொன்னேன். சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் வளர்ந்தது. கன்னியம்மா வீட்டில் கெஞ்சவே செய்தேன். "அம்மா, நான் உன் பேரை எழுதாம விட்டவன். என்னை நம்பமாட்டியா?" அவர் டேக்சாவைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "நம்பாம இன்னா சார்? ஆனா எங்க வூட்ல மீனே சேராது. அவருக்கு மூச்சு வாங்குதுன்னு டாக்டரு வாணாம்னுட்டாரு." எனக்குக் கோபமும் அலுப்பும் சேர்ந்து வந்தது. 'இல்லை' என்று எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

தெருவில் வைத்துப் பழனியைக் கடித்துக் குதறினேன். உங்கள் ஜனங்களுக்கு நல்லது செய்ய வந்தால் இப்படியா என்றேன். பழனி கோபப்படவில்லை.

"கேஸ் எழுதுன அதே கை, அதே பேனா. நானா இருந்தாலும் இல்லன்னுதான் சார் சொல்லியிருப்பேன்."

பூட்டின கேட்

'சதுப்பை நம்பி வாழ்வோர்: எவருமில்லை.' என் படிவங்களைக் கூட்டிப் பார்த்தபோது வந்த விடை இதுதான். எவரும் இல்லாத இடத்துக்கு வழி எதற்கு? இருந்த ஒரே பாதையிலும் கேட் போட்டுப் பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. பூட்டு மாட்டிய அன்று காலை, நான் பார்த்த கூட்டங்களிலேயே மோசமான கூட்டம் கூடியது. கத்தல் இல்லை. கத்தினால் எனக்குத் தெம்பு வந்திருக்கும். சும்மா நின்றார்கள். சிலர் கையில் செங்கல் இருந்தது. அந்தக் கேட்டின் நிழலில் தனியாக நின்றுகொண்டு, மலைக்காட்டு யானைகளை ஆசையாக நினைத்துக்கொண்டேன்.

ஜீப் வந்தது. மேடம் தனியாக இறங்கிக் கூட்டத்துக்கு நடுவே நடந்தார். படிவக்கட்டைப் பிரித்து ஒவ்வொரு கையெழுத்தாகக் காட்டினார். "நாங்க மீன் பிடிக்கலன்னு நீங்களேதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க? இதை வெச்சிக்கிட்டு நான் யார்கிட்ட சண்டை போடறது?" செங்கல் வைத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் விசும்பினார். கல் நட்ட நாளில் மண்வெட்டி பிடித்திருந்த அதே ஆள் முன்னால் வந்தார்.

"காக்கி வந்து கேட்டா நெசத்த சொல்ற ஊரு எங்க மேடம் கீது? இருந்தா சொல்லு, அங்க போயி குடியிருக்கறோம்."

சாட்சி

மேடம் விடவில்லை. இவர்கள் மீன் பிடித்தார்கள் என்று அரசாங்கக் காகிதம் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், உத்தரவைத் திருத்த வைக்கிறேன் என்றார். ரேஷன் கார்டில் எல்லாருக்கும் கூலி வேலை. வாக்காளர் அட்டையில் தொழிலே இல்லை. மூன்று நாள் அலைந்தோம். நாலாம் நாள் ஆபீசில் பீரோவைத் திறந்தபோது என் குற்றப் பதிவேடு கண்ணில் பட்டது. வலை ஒன்று, டேக்சா ஒன்று, கெளுத்தி, குறவை, இடம்: சதுப்பு; கீழே இலாகா முத்திரையோடு என் கையெழுத்து. இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா? இலாகாவே எழுதிய கேஸை இலாகாவே பொய் என்று சொல்ல முடியாதே! மேடம் அதை வாங்கிப் படித்துவிட்டு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

பெயர்களை நான் சத்தமாக வாசிக்க, அவர் எழுதிக்கொண்டே வந்தார். இருபத்திரண்டாவது பெயர் முடிந்து, நான் போட்ட கோடு வந்தது. அப்போதுதான் இருபத்து மூன்றாவது ஆள் நினைவுக்கு வந்தார். கன்னியம்மா. மேடம் வெளியே போனதும் பழனி மெதுவாகச் சொன்னார், "கோட்டுக்கு மேல ஒரு வரி எடம் கீது சார்." இருந்தது. பேனாவும் கையில் இருந்தது. ஒரு வரி, அரை நிமிஷம். ஆனால் அந்த மையின் புதுநிறம் யார் கண்ணிலாவது பட்டால் பதிவேடே செல்லாது, இருபத்திரண்டு அடுப்பும் அணைந்துவிடும். பேனாவை மூடினேன். கன்னியம்மாவுக்காகத் தனியாக மனு எழுதினேன். மீன் பிடிப்பதில்லை என்று அவரே கையெழுத்திட்டிருக்கிறார், மாற்று ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. மற்ற இருபத்திரண்டு பேருக்கும் உத்தரவு வந்த அன்று, என் மேல் மண்ணை வாரித் தூற்றியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேள சார், அன்னிக்கு எங்கள நீ புட்ச்ச!"

கோட்டுக்குக் கீழே

பாஸ் காட்டி உள்ளே போகும் முதல் காலையில் கேட்டில் நான்தான் நின்றேன். கழுத்தில் புது அட்டை தொங்க ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வரிசையில் கடைசியாகக் கன்னியம்மா, இடுப்பில் கயிறு, கையில் டேக்சா. அட்டை வீட்டுக்கு வரவில்லை, கேட்டில் என்னிடம் இருக்கும் என்று நம்பி வந்திருக்கிறார். பதிவேட்டையே திறந்து கோட்டைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

அவர் அழவில்லை. கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "அன்னிக்கு நானும்தான சார் தண்ணில நின்னேன்? அவங்கள காட்டியும் நான்தான் ரொம்ப நேரம் நின்னேன்" என்றார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, "உன்ன யாரு சார் நல்லவனா இருக்கச் சொன்னது?" என்றார். திட்டுகள் எத்தனையோ வாங்கியிருக்கிறேன், அப்படி ஒன்றும் உறைத்ததில்லை. நான் தலையைக் குனிந்துகொண்ட நேரத்தில் அவர் என்னைத் தாண்டி கேட்டுக்குள் போய்விட்டார். விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு வந்ததும் திரும்பி, அன்று நின்ற அதே மாதிரி நின்றார். "இப்ப எழுது" என்று கத்தினார். உள்ளே இருந்த இருபத்திரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "எழுதறியா, இல்ல, இங்கியே நிக்கட்டா?"

எழுதினேன். பெயர், புருஷன் பெயர், அத்துமீறி நுழைந்து மீன் பிடித்தார். கரையேறி வந்து, ஈரக் கையோடு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"டேக்சாவையும் எழுது சார். அப்பால அது இல்லன்னு சொல்லிடப் போறாங்க."

அந்தக் கேஸை வைத்துக்கொண்டு மேடம் மறுபடி போராடி, அடுத்த வருஷப் பட்டியலில்தான் அவர் பெயரைச் சேர்க்க முடிந்தது. அதுவரை ஒரு மழைக்காலம் முழுக்க, நான் நட்ட கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் பிடித்த மீனை ஆய்ந்து கொடுத்துப் பிழைத்தார். அந்த வழியாக நடக்கும்போதெல்லாம் நான் பறவை பார்ப்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டு போனேன்.

ஆகவே சக 'கூடாது'க்காரர்களே, என் சர்வீஸில் நான் எழுதிய கேஸ்கள் இருபத்திரண்டு குடும்பத்துக்குச் சோறு போட்டன, நான் காட்டிய ஒரே கருணைதான் ஒரு குடும்பத்தைப் பட்டினி போட்டது.